ஆங்கிலப் படத்தின் பெயரை எந்த நாட்டுக் காதுக்கும் புரியச் சொல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாராவாரம் இணைய வழியில் கூடி, ஏதாவது ஒரு ஆங்கிலப் படத்தைப் பற்றிப் பேசும் சிறு குழுவில் பல வருடங்களாக இருக்கிறேன். ஸ்காட்லாந்து, அமெரிக்கா, நியூசிலாந்து, நைஜீரியா, கொரியா என்று ஆளுக்கொரு ஆங்கிலம். கதையையும் கேமராவையும் நடிப்பையும் பற்றிப் பேசும்போது எங்களுக்குள் தடங்கலே வருவதில்லை. தடுக்கி விழுவது படத்தின் பெயரில்தான். அந்தக் குழுவுக்கு வரும் தமிழ் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைப் பதிலோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் பேசும் ஆங்கிலம் எல்லோருக்கும் புரிகிறது. படப் பெயர் மட்டும் ஏன் புரியாமல் போகிறது?

சாதாரணப் பேச்சில் ஒரு சொல் காதில் சரியாக விழாவிட்டாலும் பக்கத்துச் சொற்கள் கைகொடுக்கும். படப் பெயருக்கு அந்தத் துணை கிடையாது. 1995இல் வந்த 'ஹீட்' படத்தை நீங்கள் 'ஹிட்' என்று சொல்லிவிட்டால், அதைச் சரிசெய்துகொள்ளக் கேட்பவரிடம் எந்தத் துப்பும் இல்லை.

பெயர் சின்னதாக இருந்தால் சிக்கல் பெரிது. 'அப்' (2009), 'ஹர்' (2013), 'இட்' (2017), 'அஸ்' (2019) எல்லாம் ஒரே அசை. போதாததற்கு, ஆங்கில வாக்கியத்தில் அன்றாடம் சிதறிக் கிடக்கும் சொற்கள் வேறு. 'ஐ சா ஹர்' என்றால் 'அவளைப் பார்த்தேன்' என்றுதான் யாருக்கும் புரியும். அதனால் பெயரை வெறுமனே வீசாதீர்கள். 'எ ஃபிலிம் கால்டு' என்று சொல்லி, அரை நொடி நிறுத்தி, அப்புறம் பெயரைச் சொல்லுங்கள். பெயர் வரப்போகிறது என்று காது தயாராகிவிடும். இந்த ஒரு பழக்கமே பாதிக் குழப்பத்தைத் தீர்த்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

பேசாமல் அமெரிக்க ஆக்சென்ட் பழகிக்கொண்டால் தீராதா?

தீராது. ஆங்கிலத் தாய்மொழிக்காரர்களுக்குள்ளேயே ஒரே மாதிரி சொல்வதில்லை. 'ஹாரி பாட்டர்' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கர் பலர் வாயில் அது 'ஹெரி பாடர்' என்பதற்கு நெருக்கமாக வரும். நடுவில் உள்ள டகரத்தை நாக்கு தொட்டும் தொடாமலும் ஓடிவிடும், கடைசி ரகரம் நன்றாகக் கேட்கும். லண்டன் பக்கத்தவர் கடைசி ரகரத்தை விட்டுவிட்டு 'பொட்ட' என்று முடிப்பார். சாவகாசமான பேச்சில் நடு டகரமும் மறைந்து, தொண்டையில் ஒரு சின்ன அடைப்பு மட்டும் மிஞ்சும். ஸ்காட்லாந்துக்காரர் அந்த ரகரத்தைத் தெளிவாக ஒலித்துக் காட்டுவார். 'டூன்' (2021) அமெரிக்காவில் 'டூன்'. பிரிட்டனில் பலருக்கு 'ட்யூன்', வேகத்தில் ஏறக்குறைய 'ஜூன்'.

இத்தனை வேறுபாடு இருந்தும் ஒருவருக்கொருவர் புரிந்துகொள்கிறார்கள். காரணம், பெயரின் எலும்புக்கூடு எல்லோரிடமும் ஏறக்குறைய ஒன்றுதான்: எத்தனை அசை, எந்த அசையில் அழுத்தம், முதல் மெய் எது, உயிர் குறிலா நெடிலா. அந்த எலும்புக்கூட்டைப் பிடித்துக்கொண்டால் போதும். சதை உங்கள் சொந்த ஆக்சென்டாகவே இருக்கட்டும்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தங்களுக்குள் பேசும்போது எது சறுக்கினால் புரியாமல் போகிறது என்று ஆராய்ந்து, ஜென்னிஃபர் ஜென்கின்ஸ் என்ற மொழியியலாளர் 2000இல் ஒரு பட்டியல் கொடுத்தார். சொல்லின் தொடக்கத்தில் வரும் மெய்க்கூட்டு, குறில் நெடில் வேறுபாடு, ப-ட-க ஒலிகளின் மூச்சு, வாக்கியத்தின் முக்கியச் சொல்லில் விழும் அழுத்தம் ஆகியவை கட்டாயம். 'தி', 'திங்' போன்ற சொற்களில் வரும் தகர ஒலி கட்டாயமில்லை என்றார். சொல்லுக்குள் எந்த அசையில் அழுத்தம் என்பதில் அவர் அவ்வளவு கண்டிப்பாக இல்லை. அங்கே மட்டும் என் அனுபவம் வேறு. படப் பெயர் தனியாக நிற்கும் சொல். அழுத்தம் இடம் மாறினால் ஆங்கிலத் தாய்மொழிக்காரர்கள் திகைத்துப் போகிறார்கள்.

அழுத்தம் என்றால் சத்தமாகச் சொல்வதா?

சத்தம் அதில் ஒரு பகுதிதான். அழுத்தம் விழும் அசை கொஞ்சம் நீளும், குரல் கொஞ்சம் மேலேறும், உயிரொலி முழுதாகக் கேட்கும். அதைவிட முக்கியம், மற்ற அசைகள் சுருங்க வேண்டும். தமிழில் நாம் ஒவ்வோர் அசைக்கும் ஏறக்குறைய ஒரே மரியாதை கொடுத்துப் பேசுகிறோம். ஆங்கிலம் அப்படியில்லை. ஓர் அசை நிமிர்ந்து நிற்கும், மற்றவை குனிந்துகொள்ளும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது 'ப்ரிடேட்டர்' (1987). நம்மில் பலர் சொல்வதுபோல நானும் 'டே' என்ற இடத்தில் ஊன்றி 'ப்ரி-டே-ட்டர்' என்றேன். குழுவிலிருந்த ஸ்காட்லாந்துக்காரர் 'ப்ரே என்ன?' என்று கேட்டார். இரண்டாவது முறை இன்னும் சத்தமாக அதையே சொன்னேன். அவர் முகத்தில் இன்னும் அதே கேள்வி. காட்டுக்குள் வேட்டையாடும் வேற்றுக்கிரகவாசி என்று விளக்கியதும் சட்டென்று சொன்னார்: 'ஓ, ப்ரெ-டட்டர்!' முதல் அசை 'ப்ரெ', குறில், அழுத்தம் அங்கே. பின்னால் வரும் இரண்டும் பாதி விழுங்கியதுபோல 'டட்டர்'. நான் சொன்னதில் எழுத்துகள் ஏறக்குறைய சரி, எலும்புக்கூடு தவறு.

'டெர்மினேட்டர்' (1984), 'கிளாடியேட்டர்' (2000), 'வெர்டிகோ' (1958), 'அவதார்' (2009), 'ஓப்பன்ஹைமர்' (2023) எல்லாவற்றுக்கும் முதல் அசையில் அழுத்தம். 'டைட்டானிக்' (1997), 'மெமென்டோ' (2000) இரண்டுக்கும் இரண்டாம் அசை. 'இன்டர்ஸ்டெல்லார்' (2014) படத்துக்கு 'ஸ்டெல்' என்ற மூன்றாம் அசை. 'கேஸப்ளாங்கா' (1942) படத்துக்கும் 'ப்ளாங்' என்ற மூன்றாம் அசைதான்.

பழக ஒரு வழி உண்டு. மேசையில் விரலால் தட்டிக்கொண்டே சொல்லுங்கள். அழுத்தம் விழும் அசைக்கு மட்டும் தட்டு. 'டெர்மினேட்டர்' சொல்லும்போது 'மி' என்ற அசை இருந்தும் இல்லாததுபோல ஓடினால் சரியாகச் சொல்கிறீர்கள் என்று அர்த்தம்.

'லைஃப் ஆஃப் பை' என்றேன். வழியனுப்பும்போது சொல்கிற 'பை' என்று எடுத்துக்கொண்டார்கள். நான் சரியாகத்தானே சொன்னேன்?

தமிழ்க் காதுக்குச் சரி. ஆங்கிலக் காதுக்கு ஒரு மூச்சு குறைந்திருக்கிறது.

தமிழில் 'பல்', 'பால்' என்று சொல்லும்போது உதடு திறந்த அடுத்த கணமே குரல் வந்துவிடும். ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்தில் வரும் வல்லோசைப் பகரத்துக்கு, உதடு திறந்ததும் முதலில் காற்று 'ஹ்' என்று பீறிடும், அப்புறம்தான் குரல். அந்தக் காற்று வந்தால் வல்லோசை, வராவிட்டால் மெல்லோசை என்று கணக்குப் போட்டுப் பழகிய காது அது. நம் பகரத்தில் காற்று இல்லை. எனவே 'பை' என்றதும் அவர்கள் மனம் 'போய் வருகிறேன்' பக்கம் ஓடிவிடுகிறது. 'கோக்கோ' (2017) முதல் அசையில் காற்றில்லாமல் போனால் 'போ போ' என்கிற 'கோ-கோ' ஆகிவிடும். 'டெனெட்' (2020) படத்தின் முதல் டகரமும் இப்படியே மெலிந்து போகும்.

ஒரு துண்டுத் தாளை வாய்க்கு நான்கு விரற்கடை தள்ளித் தொங்கவிடுங்கள். தமிழில் 'பை' என்று சொல்லுங்கள், தாள் அசையாது. இப்போது விளக்கை ஊதி அணைக்கும் உந்தலோடு 'ப்ஹை' என்று சொல்லுங்கள்; தாள் துள்ளும். அந்தத் துள்ளல்தான் நமக்கு வேண்டியது. ஒரு நாளில் நாலைந்து முறை செய்தாலே ஒரு வாரத்தில் கைவந்துவிடும்.

ஒரு விலக்கும் சொல்லிவிடுகிறேன். முன்னால் 'ஸ்' இருந்தால் இந்தக் காற்று தேவையில்லை. 'ஸ்பீட்' (1994), 'ஸ்பார்ட்டகஸ்' (1960), 'ஸ்கைஃபால்' (2012) ஆகியவற்றை நம் இயல்பான பகர ககரத்தோடு சொன்னாலே சரியாக இருக்கும்.

தமிழில் எழுதி வைத்துப் படித்தால் போதாதா?

நினைவுக் குறிப்பாக வைத்துக்கொள்ளலாம், உச்சரிப்புக் குறிப்பாக வைத்துக்கொள்ள முடியாது. மேலே பார்த்த இரண்டு பை-க்கும் தமிழில் ஒரே எழுத்துதான். 'பேட்மேன்' என்று எழுதினால் வௌவாலா, கெட்டவனா, தட்டிக்கொடுப்பவனா என்று எழுத்தை வைத்துச் சொல்ல வழியில்லை. நம் எழுத்து நம் மொழிக்காகச் செய்யப்பட்டது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. வேறொரு வேலைக்கு இழுக்கிறோம், அவ்வளவுதான்.

இன்னொரு பொறி, மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம். 'வண்டி', 'பந்து' என்று சொல்லும்போது வல்லினம் தானாக மென்மையாகிவிடுகிறது. அதே பழக்கத்தில் 'மெமென்டோ' படத்தின் டகரமும் 'வண்டி'யின் டகரம்போல ஆகிவிடும். 'மெமென்' என்று ஒரு நூலளவு நிறுத்தி 'டோ' சேருங்கள்.

பெயரின் கடைசியில் 'உ' சேர்த்துச் சொல்வது பெரிய தவறா?

'ஹீட்டு', 'ஸ்பீடு' என்று வருவது நம் நாக்கின் இயல்பு. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. குற்றியலுகரம் வந்து தாங்கிக்கொள்ளும். ஆனால் கேட்பவருக்கு ஓரசைப் பெயர் ஈரசையாகிவிடுகிறது. அவர் மனதிலுள்ள படங்களில் ஈரசைப் பெயர்களைத் தேட ஆரம்பித்துவிடுவார். சொல்லி முடித்ததும் நாக்கை அண்ணத்திலேயே ஒட்டி வைத்துப் பழகுங்கள். உகரம் வெளியே வர வழியிருக்காது.

இருந்தாலும் இதற்கு அதிகம் கவலைப்பட வேண்டாம். ஓர் உயிரைச் சேர்ப்பதைவிட ஒரு மெய்யை விழுங்குவதுதான் ஆபத்து. ஜென்கின்ஸ் சொன்னதும் அதுவே. 'காஸ்ட் அவே' (2000) படத்தை 'காசவே' என்று சொன்னால் யாராலும் பிடிக்க முடியாது. 'ஷ்ரெக்' (2001) படத்தின் தொடக்கத்திலுள்ள 'ஷ்ர்' முழுதாக வர வேண்டும். 'ஸ்பீட்' படத்தை 'இஸ்பீட்' என்று தொடங்குபவர்கள், 'ஸ்ஸ்ஸ்' என்று பாம்புபோல நீட்டி, அப்படியே 'பீட்' என்று இறங்கிப் பாருங்கள்.

கடைசி மெய் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 'ஏலியன்' போதும். 1979இல் வந்தது 'ஏலியன்'. 1986இல் வந்தது 'ஏலியன்ஸ்'. இயக்குநர் வேறு, படத்தின் தன்மையே வேறு. நடுவில் நிற்பது ஒரே ஒரு ஒலி.

குறில் நெடில் வேறுபாடு நமக்குச் சுலபம்தானே?

மிகச் சுலபம். 'ஹீட்', 'ஹிட்' வேறுபாட்டுக்குப் பல மொழிக்காரர்கள் மாதக்கணக்கில் திணறுவார்கள். நமக்கு அது பால்குடி நாளிலேயே வந்துவிட்டது. இந்தப் பலத்தை நம்பிப் பயன்படுத்துங்கள்.

நம்மிடம் எழுத்து இல்லாத ஓர் உயிர் உண்டு. 'ரெய்ன் மேன்' (1988) படத்தில் முதற்சொல்லின் உயிர் 'ஏ' போலத் தொடங்கி 'இ' பக்கம் சாயும். 'மேன்' அப்படியில்லை. 'ஏ' சொல்லத் தொடங்கி, தாடையை 'ஆ' அளவுக்கு இறக்குங்கள். இரண்டுக்கும் நடுவில் வருவதுதான் அது. இரண்டு சொல்லையும் ஒரே 'ஏ'யில் சொன்னால் 'ரெய்ன் மெய்ன்' ஆகிவிடும். 'மென் இன் பிளாக்' (1997) படத்தில் ஆட்கள் பலர். தாடை அதிகம் இறங்கினால் ஆள் ஒருவனாகிவிடுவான்.

நியூசிலாந்து நண்பர் பேசும்போது வேறொரு திசையில் மாறுகிறது. அவர்களுடைய 'எ' உயர்ந்து 'இ' பக்கம் போகும். அவர் 1995இல் வந்த 'செவன்' படத்தைச் சொன்னபோது என் காதில் 'சிவன்' என்றுதான் விழுந்தது. அவர்போல நாம் சொல்ல வேண்டியதில்லை, அவர் சொல்வது எது என்று தெரிந்தால் போதும். 'காஸ்ட் அவே', 'தி லாஸ்ட் சாமுராய்' (2003) இரண்டிலும் அமெரிக்கர் உயிர் ஒன்று, தென் இங்கிலாந்துக்காரர் உயிர் ஒன்று. எதைச் சொன்னாலும் புரியும்.

'காட்ஃபாதர்', 'தோர்' இரண்டிலும் வரும் தகரம்?

'அது', 'இது' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் வரும் தகரம் பல்லில் முட்டி நிற்காமல் மென்மையாக உரசிப் போகிறது இல்லையா? 'காட்ஃபாதர்' (1972) படத்துக்கு வேண்டியது ஏறக்குறைய அதே ஒலிதான். பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் முயன்று பழகும் இந்த ஒலி நம் வாயில் நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது.

'தோர்' (2011) வேறு. அங்கே குரல் இல்லாமல் காற்று மட்டும் உரசும். நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்து ஊதிவிட்டு 'ஓர்' சேருங்கள். வராவிட்டால் நம் தகரத்தையே கொஞ்சம் காற்றோடு சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். டகரமாக மட்டும் மாற்றிவிடாதீர்கள், கதவு என்று நினைத்துக்கொள்ளக்கூடும்.

'வ' ஒன்றுதானே? ஆங்கிலத்தில் எதற்கு இரண்டு?

பல்லும் இதழும் சேர வகாரம் பிறக்கும் என்கிறது தொல்காப்பியத்தின் பிறப்பியல். மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். 'வெர்டிகோ', 'வி ஃபார் வெண்டெட்டா' (2005) படங்களுக்கு வேண்டியது அந்த வகாரமே. பல்லை உதட்டில் கொஞ்சம் அழுத்தமாகப் பதித்து உரசவிட்டால் போதும். இன்றைய வேகப் பேச்சில் பல் உதட்டை ஒழுங்காகத் தொடுவதில்லை. அதனால்தான் கேட்பவருக்கு இரண்டில் எது என்று புரியாமல் போகிறது.

மற்றொன்றான 'டபிள்யூ'வில் பல்லுக்கு வேலையே இல்லை. 'உ' சொல்வதுபோல உதட்டைக் குவித்து, அங்கிருந்து திறக்க வேண்டும். 'வால்-ஈ' (2008) என்பதை 'உவால்-ஈ' என்று நினைத்துச் சொல்லுங்கள். நல்ல பயிற்சிக்கு 'தி வூல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்' (2013). 'வூல்ஃப்' குவிந்த உதடு, 'ஆஃப்' என்பதன் கடைசியில் உண்மையில் ஒலிப்பது பல் தொடும் வகாரம், மறுபடி 'வால்' குவிந்த உதடு. கண்ணாடி முன் நின்று சொன்னால் உதடு குவிந்து, பதிந்து, மறுபடி குவிவது தெரியும்.

நம் 'ட' கனமாக இருக்கிறது என்கிறார்களே?

நாம் நாக்கை மடித்து அண்ணத்தைத் தொடுகிறோம். அவர்கள் மேற்பல் ஈறுக்குப் பின்னால் நுனியால் தொடுகிறார்கள். ஈழத் தமிழர் 'ரொறன்ரோ', 'பற்றரி' என்று றகர ரகரம் கொண்டு எழுதுவது அந்த ஒலிக்கு நெருங்கி வருவதற்காகத்தான். புரிவதற்கு இது தடையே இல்லை. உலகம் முழுவதும் இந்த டகரம் பழகிய ஒலி. இதற்காக ஒரு நாளும் செலவிடாதீர்கள். அந்த நேரத்தை அழுத்தத்துக்கும் மூச்சுக்கும் கொடுங்கள்.

வேறு எந்த மெய்களில் கவனம் வேண்டும்?

'ஃபார்கோ' (1996), 'ஃப்ரோசன்' (2013) படங்களின் முதல் ஒலியைப் பகரமாக்கிவிடக் கூடாது. பல் உதட்டைத் தொட்டுக் காற்று கசிய வேண்டும். 'ஃப்ரோசன்' நடுவிலும் 'சோடியாக்' (2007) முதலிலும் வருவது வண்டு ரீங்கரிக்கும் ஒலி. தொண்டையில் விரலை வைத்து 'ஸ்' சொல்லிக்கொண்டே குரலைக் கொடுங்கள், விரல் அதிரும். 'சிகாகோ' (2002) என்று நாம் எழுதினாலும் சொல்வது 'ஷிகாகோ', அழுத்தம் நடுவில். 'சைக்கோ' (1960) ஆங்கில எழுத்தில் பகரத்தோடு தொடங்கினாலும் அது வாயில் வராது.

எண்ணும் குறியும் உள்ள பெயர்களை எப்படிச் சொல்வது?

'1917' (2019) ஆண்டைச் சொல்வதுபோல 'நைன்டீன் செவன்டீன்'. '300' படம் 'த்ரீ ஹண்ட்ரட்'. '2001' என்று தொடங்கும் 1968ஆம் ஆண்டு விண்வெளிப் படத்துக்கு பிரிட்டனில் நடுவில் 'அண்ட்' சேர்ப்பார்கள், அமெரிக்காவில் பலர் சேர்ப்பதில்லை. 'ஃபேஸ் ஆஃப்' (1997) எழுத்தில் நடுவே சாய்கோடு உண்டு. அதை வாயால் சொல்வதில்லை.

அதிகம் குழப்புவது 'அப்போலோ 13' (1995). பதின்மூன்றும் முப்பதும் தொலைபேசியில் ஒன்றாகக் கேட்கும். 'தர்-டீ-ன்' என்று இரண்டாம் அசையை நீட்டி, கடைசி னகரத்தை ஊன்றி முடியுங்கள். முப்பதுக்கு அழுத்தம் முதல் அசையில்.

பிரெஞ்சு மாதிரிப் பெயர் உள்ள ஆங்கிலப் படங்கள்?

ஆங்கிலத்தில் அந்தப் படத்தை எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே. எலி சமைக்கும் கதையான 'ரேட்டட்டூயி' (2007) வெளிவந்தபோது, அமெரிக்கர்களுக்கே நாக்கு புரளாது என்று விளம்பரத்திலேயே அசை பிரித்து அச்சிட்டார்கள்: 'ரேட்-அ-டூ-ஈ'. அழுத்தம் 'டூ'வில். தயாரித்தவர்களே சொல்லிக் கொடுத்திருக்கும்போது நாம் கேட்டுப் பழகுவதில் கூச்சமே வேண்டாம்.

நீளமான பெயர்களை ஒரே மூச்சில் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். 'எடர்னல் சன்ஷைன்', சிறு நிறுத்தம், 'ஆஃப் த ஸ்பாட்லெஸ் மைண்ட்' (2004). பொருள் உடையும் இடத்தில் மூச்சும் உடையட்டும். இரண்டு சொல் ஒட்டி ஒரே பெயராகிவிட்டால் அழுத்தம் முதற்சொல்லில்: 'காட்'ஃபாதர், 'பேர்ட்'மேன் (2014). அடைமொழியும் பெயருமாக நின்றால் பொதுவாக இரண்டாவதில்: 'த டார்க் நைட்' (2008) படத்தில் 'நைட்' தூக்கி நிற்கும். இரவு என்று பொருள்படும் சொல்லும் இதே ஒலிதான், உச்சரிப்பால் பிரித்துக் காட்ட முடியாது. குழப்பம் வந்தால் பேட்மேன் படம் என்று சொல்லிவிடுங்கள்.

எல்லாம் செய்தும் புரியவில்லை. அப்போது?

அதையே சத்தமாகத் திருப்பிச் சொல்வதுதான் எல்லோரும் செய்வது, நானும் செய்தது. அவருக்குக் காது கேட்கிறது, பிடி கிடைக்கவில்லை. முதலில் இயக்குநர், நடிகர், ஆண்டு இவற்றில் ஒன்றைக் கொடுங்கள்: 'நோலன் எடுத்தது, 2020'. அப்புறம் பெயரை ஒருமுறை மெதுவாக, அழுத்தத்தை இன்னும் கொஞ்சம் மிகைப்படுத்தி. அதற்கும் பலனில்லை என்றால் எழுத்துக் கூட்டுங்கள்.

எழுத்துக் கூட்டுவதிலும் சில இடறல்கள் உண்டு. நாம் 'யெம்', 'யென்', 'யெல்' என்று யகரம் சேர்ப்போம். 'எம்', 'என்', 'எல்' என்று தொடங்குங்கள். ஆங்கில அகரவரிசையின் கடைசி எழுத்து பிரிட்டனில் 'செட்', அமெரிக்காவில் 'சீ'. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல் என்று விமானிகள் பயன்படுத்தும் ஆல்ஃபா, பிராவோ, சார்லி வரிசை 1956 முதல் நடைமுறையில் இருக்கிறது. பல மொழிக்காரர்களும் இரைச்சலில் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த சொற்கள் அவை. மனப்பாடம் செய்து வைத்தால் படப் பெயருக்கு அப்பாலும் உதவும்.

பெயர் தெளிவாகவே சொன்னேன். அப்படி ஒரு படமே இல்லை என்கிறார்களே?

அவர்கள் நாட்டில் அது வேறு பெயரில் வந்திருக்கலாம். 'சூட்டோப்பியா' (2016) பிரிட்டனில் 'சூட்ரோப்பொலிஸ்'. 2012இல் வந்த 'தி அவெஞ்சர்ஸ்' அங்கே 'அவெஞ்சர்ஸ் அசெம்பிள்'. ஹாரி பாட்டர் முதல் படம் (2001) பிரிட்டனில் 'ஃபிலாசஃபர்ஸ் ஸ்டோன்', அமெரிக்காவில் 'சார்சரர்ஸ் ஸ்டோன்'. 'மோவானா' (2016) ஐரோப்பாவின் பல நாடுகளில் 'வாயானா'. இந்த மாதிரி நேரத்தில் உங்கள் நாக்கைச் சந்தேகிக்காதீர்கள்.

ஃபோனில் வாய்ஸ் சர்ச் செய்தால் தப்பும் தவறுமாக எழுதுகிறதே?

மொழி அமைப்பில் ஆங்கிலம் என்பதற்குக் கீழே பல நாட்டு ஆங்கிலங்கள் தனித்தனியாக இருக்கும். இந்திய ஆங்கிலம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், உடனே வித்தியாசம் தெரியும். பெயருக்குப் பின்னால் 'மூவி' என்றும் ஆண்டையும் சேருங்கள். இயந்திரமும் பக்கத்துச் சொற்களை வைத்துத்தான் ஊகிக்கிறது. தனியாக 'ஹர்' என்று சொல்லி அது திணறினால் குற்றம் உங்களுடையது அல்ல.

சரியான உச்சரிப்பை எங்கே பார்ப்பது?

இயக்குநரும் நடிகர்களும் கொடுக்கும் நேர்காணல்கள்தான் என் முதல் தேர்வு. சொந்தப் படத்தின் பெயரைச் சொல்லாமல் யாரும் பேட்டி கொடுப்பதில்லை. டிரெய்லரின் கடைசியில் குரல் கொடுப்பவர் சொல்வது நாடகத்தனமாக இழுத்திருக்கும். அதைப் பின்பற்ற வேண்டாம். அகராதியில் பார்ப்பதானால் உச்சரிப்புக் குறியீட்டில் ஓர் அசைக்கு முன்னால் மேலே சிறு செங்குத்துக் கோடு இருக்கும்; அழுத்தம் அந்தக் கோட்டை அடுத்த அசையில். மற்றக் குறியீடுகள் படிக்கத் தெரியாவிட்டாலும் அந்தக் கோட்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நமக்குள் தமிழில் பேசும்போதும் இப்படித்தான் சொல்ல வேண்டுமா?

தேவையில்லை. தமிழ் வாக்கியத்துக்குள் வந்த பெயர் தமிழ் விதிக்குள் வந்துவிடுகிறது. 'ஹீட்டுல அந்தத் துப்பாக்கிச் சண்டை', 'டைட்டானிக்க மறுபடி பார்த்தேன்' என்று வேற்றுமை உருபு ஏற்றித்தான் பேசுகிறோம். அங்கே உகரமும் உருபும் இருப்பதுதான் இயல்பு. நண்பர் ஒருவர் தமிழில் 'ப்ரிடேட்டர்' என்றால் நான் திருத்துவதில்லை. மறுநாள் குழுவில் அந்தப் படத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் பேசப்போகிறார் என்று தெரிந்தால் மட்டும், முதல் நாள் இரவே கூப்பிட்டு 'ப்ரெ' என்ற அசையில் தட்டச் சொல்வேன்.